பலகை பெயர்த்த படகு

என் இதயத்தினுள்ளே, ஒரு பயற்றளவே உள்ள சதைக்கணு ஒன்று இருந்தது. அதற்கு எந்த நோயும் இல்லை. தனக்கு இடப்பட்ட பணியை ஐம்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு நொடியும் தவறாமல் செய்து வந்தது. அந்தக் கணுவை, என் முழுச் சம்மதத்தின் பேரில், 2022ஆம் ஆண்டில் டாக்டர் ஒருவர் சுட்டு அழித்தார். அன்று முதல் என் இதயம், இடத் தோளெலும்பிற்குக் கீழே தோலினடியில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு கருவியின் ஆணைப்படியே துடித்துக்கொண்டிருக்கிறது.

குற்றமற்ற ஓர் உறுப்பை அழித்து, அதன் இடத்தில் மனிதன் செய்த இயந்திரத்தை அமர்த்திக்கொண்டது சரிதானா? இக்கேள்விக்கு மருத்துவர் தம் துறையில் நின்று விடை சொல்லிவிட்டார். ஆயினும், உடலை இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வந்த எனக்கு, அந்த விடை மட்டும் போதவில்லை. இதே கேள்வி நம் வீடுகள் பலவற்றில் இன்று எழுகின்றது. அதனால் நான் சிந்தித்ததையும், சிந்தனையில் தடுமாறியதையும் ஒளிக்காமல் எழுதலாம் எனத் துணிந்தேன்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இதயத்திற்கு மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வல மேலறையின் உச்சியில் உள்ள ஒரு கணுவிலிருந்து துடிப்புக்கான மின்னாணை பிறக்கிறது. 1907ஆம் ஆண்டில் கீத், ஃபிளாக் என்னும் பிரிட்டன் நாட்டு அறிஞர் இருவர் அதனைக் கண்டு கூறினர். அந்த ஆணை மேலறைகளைக் கடந்து கீழறைகளுக்கு இறங்கும் வழியில் மற்றொரு கணு வாயிற்காவலனைப் போல் நிற்கிறது. அதற்கும் ஓராண்டு முன்னே, 1906இல், ஜெர்மனியில் கல்வி பயின்ற ஜப்பானியரான சுனாவோ தவாரா அதனை விளக்கி நூல் எழுதினார். ஏ.வி. கணு என்று இன்று டாக்டர்கள் அழைப்பது இதனையே. மேலே பிறக்கும் ஆணையைச் சற்றே தாமதித்துக் கீழே விடுவது இதன் வேலை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் நோயில் மேலறைகள் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்குகின்றன. ஓர் ஆணை பிறக்க வேண்டிய இடத்தில் நிமிடத்திற்கு 350 முதல் 600 வரை ஒழுங்கற்ற ஆணைகள் எழுகின்றன. வாயிற்காவலன் இயன்ற மட்டும் அக்கூச்சலை வடிகட்டுகிறான். இருந்தும் எஞ்சியவை கீழே பாய்ந்து, நாடி நிமிடத்திற்கு 120, 150 எனத் தாறுமாறாக ஓடுகிறது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட இந்நோயாளிக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பர்.

எனக்கு இது 2019இல் வகுப்பறையில் தொடங்கிற்று. ஸர்ஃபுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் பாதி எழுதியவன், கூண்டில் அடைபட்ட பறவை சிறகடிப்பதைப் போல் நெஞ்சில் ஏதோ அடிப்பதை உணர்ந்து நாற்காலியில் சரிந்தேன். பிறகு மருந்துகள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் கொடுத்தார்கள். 1948இல் எலிகளைக் கொல்லும் மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்ட பொருள் அது. அளவு மாறினால் நஞ்சு, அளவறிந்தால் மருந்து. முருங்கைக்கீரையை ஒருநாள் நிறையவும் மறுநாள் இல்லாமலும் உண்ணக் கூடாது என்று என் மனைவிக்கு ஒரு பட்டியலே கொடுத்தனுப்பினார்கள்.

ஆனால் நோய் ஒரு பக்கம் மட்டும் சாயவில்லை. நடுக்கம் தானே நிற்கும் வேளைகளில், இயல்பான துடிப்பு உடனே திரும்பாமல் சில நொடிகள் இதயம் சும்மா இருந்துவிடும். இருமுறை சுஜூதிலிருந்து எழும்போது கண் இருண்டு விழுந்தேன். வேகத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் இந்த மௌனம் நீண்டது. கொடுக்காவிட்டால் ஓட்டம் பெருகிற்று. ஆகவே 2020இல் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். ஒரு தீப்பெட்டியைவிடச் சிறியது. டைட்டானியம் உலோகக் கூடு. எடை இருபது முப்பது கிராம். அதிலிருந்து மெல்லிய கம்பி நரம்பின் வழியே இதயத்தினுள் இறங்குகிறது. இதயம் தானே துடித்தால் கருவி வாய் மூடி இருக்கும். தவறினால் மட்டும் ஒரு சிறு மின்துடிப்பைக் கொடுக்கும். கம்பி நிலைபெறும் வரை சில வாரங்கள் இடக்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது என்றார்கள். ஹனஃபீ மத்ஹபினனாகிய நான் தக்பீருக்குக் காது வரை கை தூக்கிப் பழகியவன். அந்த வாரங்களில் இடக்கை தோளுக்கு நேராகவே நின்றது. ஷாஃபிஈ நண்பர் ஒருவர், “எங்கள் வழிக்கு வந்துவிட்டீர்களா ஹஜ்ரத்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு நுரையீரலிலிருந்து இதயத்திற்கு வரும் இரத்தக் குழாய்களின் வாயைச் சுற்றிச் சுட்டுத் தழும்பாக்கும் அப்ளேஷன் சிகிச்சை. நடுக்கத்தைத் தூண்டும் பொறி பெரும்பாலும் அக்குழாய்களிலேயே பிறக்கிறது என்பதை 1998இல் பிரான்ஸ் நாட்டுப் போர்தோ நகரத்து டாக்டர் ஹைஸகேரும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். இதைக் கேட்டபோது என் நினைவு இப்னு நஃபீஸ் அவர்களிடம் சென்றது. டமாஸ்கஸ் நகரில் கற்று, கெய்ரோவில் பணியாற்றி, 1288இல் மறைந்த அந்த மருத்துவ மேதை, இப்னு ஸீனா அவர்களின் நூலுக்கு எழுதிய விரிவுரையில், இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நடுச்சுவரைத் துளைத்துச் செல்வதில்லை, நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்து அக்குழாய்களின் வழியாகவே இடப்பக்கம் வருகிறது என்று எழுதிவைத்தார். அவர் அறிவால் பின்தொடர்ந்த அதே பாதையில் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கம்பி சென்று எனக்கு மருத்துவம் செய்தது. இருமுறை செய்தார்கள். பலருக்கு இதனால் நல்ல குணம் கிடைக்கிறது. எனக்கு மட்டும் சில மாதங்களில் நடுக்கம் திரும்பிற்று. மருந்தொன்று தைராய்டைக் கெடுத்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. வகுப்பில் ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை.

அப்போதுதான் டாக்டர் அந்தக் கடைசி வழியைச் சொன்னார். “மேலே நடக்கும் கூச்சலை எங்களால் நிறுத்த முடியவில்லை. அது கீழே வராமல் கதவை அடைத்துவிடலாம். ஏ.வி. கணுவைச் சுட்டுவிட்டால் கீழறைகள் பேஸ்மேக்கரின் சொல்லை மட்டும் கேட்கும். நாடி ஒழுங்காகும், உங்களுக்கு இளைப்பு நீங்கும். ஆனால் நடுக்கம் மேலே இருந்துகொண்டே இருக்கும். இரத்தம் உறையாமைக்கான மருந்தை விட முடியாது. ஒருமுறை அடைத்த கதவைத் திறக்கவும் முடியாது. பிறகு உங்கள் உயிர் இந்தக் கருவியைச் சார்ந்தே இருக்கும். யோசித்துச் சொல்லுங்கள்.”

இரண்டு வாரம் தவணை கேட்டு வீடு திரும்பினேன். அந்த இரண்டு வாரத்தில் என் நினைவுக்கு முதலில் வந்தது எந்தக் கிதாபும் அன்று. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தையற்காரரின் முகம்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு அஸருக்குப் பின் அவர் என்னைத் தனியே அழைத்து, தமக்கும் நெஞ்சில் படபடப்பு என்றும், டாக்டர் மருந்து விடாமல் உண்ணச் சொல்கிறார் என்றும், வாழ்நாளெல்லாம் மாத்திரையை நம்பி இருப்பது தவக்குலுக்கு மாறாகுமா என்றும் கேட்டார். நான் அவசரத்தில் இருந்தேன். நம்பிக்கை வைப்பவனுக்கு இறைவன் போதுமானவன் என்ற கருத்தில் அழகாக நான்கு சொற்கள் சொல்லிவிட்டு நடந்தேன். மருந்தை விடச் சொல்லவில்லை. உண்ணுங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் என் சொல்லைத் தமக்கு விளங்கியபடி எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் அவருடைய வலக்கை விழுந்தது. ஊசி பிடிக்கும் கை.

அன்று அந்தச் சொற்களைச் சொல்ல எனக்கு எந்தச் செலவும் இல்லை. என் நாடி அப்போது சீராக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதே கேள்வி என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அவருக்குக் கொடுத்த அதே விடையை எனக்கு நானே கொடுத்துக்கொள்ளத் தயாரா என்று கேட்டுப் பார்த்தேன். தயாராக இல்லை. ஆகவே அந்த விடை அன்றும் விடையன்று என்பது விளங்கிற்று.

நிற்க. தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன்.

உடல் அமானிதம், அதில் பழுதில்லாத ஒரு பகுதியை அழிக்க எனக்கு உரிமை ஏது? இதுவே முதல் தடை. அழுகிய காலை வெட்டுவது வேறு. உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் பயணத்தில் கால் அழுகி, அதனை வெட்டச் சம்மதித்த வரலாறு நாம் அறிந்ததே. அங்கே வெட்டப்பட்டது நோயுற்ற உறுப்பு. இங்கே சுடப்படுவதோ, கூச்சலிடும் கூட்டத்தைத் தன்னால் இயன்ற மட்டும் தடுத்துக்கொண்டிருக்கும் காவலன்.

அப்போது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தின் படகு என் முன் வந்து நின்றது. மூஸா (அலை) அவர்களோடு பயணம் சென்ற களிர் (அலை) அவர்கள், ஏழைகள் சிலரின் படகில் ஏறி, அதன் பலகையைப் பெயர்த்துப் பழுதாக்கினார்கள். மூஸா (அலை) அவர்கள் அதைப் பொறுக்கவில்லை. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான் என்பதும், பழுதே அப்படகை அந்த ஏழைகளுக்கு மீட்டுத் தந்தது என்பதும் பின்னரே தெரிந்தன. முழுவதையும் காப்பதற்காக ஒரு பகுதியைக் குறைப்பது ஆகும் என்னும் கருத்தை விரிவுரையாளர் சிலர் இங்கிருந்து எடுத்திருக்கிறார்கள்.

வசதியான சான்று கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தேன். ஆனால் வசதியான சான்றையே அதிகம் சோதிக்க வேண்டும் என்று எங்கள் உஸ்தாத் சொல்வார்கள். சோதித்தேன். களிர் (அலை) அவர்கள் இறைவன் தந்த அறிவால் செய்தார்கள். டாக்டரிடம் இருப்பது மனித அறிவு, அதில் பிழைக்கு இடமுண்டு. பலகையை மீண்டும் அடைத்துக்கொள்ளலாம். பஞ்சும் பிசினும் போதும். என் கணுவை அடைக்க எந்த ஆசாரியும் இல்லை. ஆகவே அந்த வரலாறு எனக்குச் சட்டம் ஆகாது. ஒரு பழுது பாதுகாப்பாகவும் அமையக்கூடும் என்பதை மட்டுமே அதனிடமிருந்து பெறலாம். எப்போது அமையும் என்பதை நானே தேட வேண்டும்.

தேடியபோது மூன்று நிபந்தனைகள் தோன்றின. தீங்கு கற்பனையாக இராமல் கண்முன் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்த சேதமுள்ள வழிகள் முயன்று முடிந்திருக்க வேண்டும். பழையதை அழிக்குமுன் புதியது தன் பணியைச் செய்யும் என்பது உறுதிப்பட வேண்டும். என் நிலையில் மூன்றும் பொருந்தின. மூச்சுத் திணறல் கற்பனையன்று. மருந்தும் இரண்டு அப்ளேஷனும் முடிந்துவிட்டன. பேஸ்மேக்கரோ இரண்டாண்டுகளாக உள்ளே இருந்து பணி செய்து காட்டியிருந்தது. 1982இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் டாக்டர் ஷைன்மனும் அவர் குழுவினரும் இம்முறையைத் தொடங்கியது முதல் திரண்ட அனுபவமும் இருந்தது. பெருந்தீங்கை நீக்கச் சிறுதீங்கை ஏற்கலாம் என்னும் ஃபிக்ஹு விதியை ஏட்டில் பலமுறை படித்திருக்கிறேன். எது பெரியது, எது சிறியது என்று நிறுக்கும் தராசு நம் கையிலேயே தரப்பட்டிருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். காவலன் குற்றமற்றவன்தான். ஆனால் உறுப்புக்கென்று தனியுரிமை இல்லை. என் மீது உரிமை உடையவர்கள் மனைவி, மக்கள், முதிர்ந்த தாய், பாடத்தைப் பாதியில் விட்டுக் காத்திருக்கும் மாணவர்கள்.

இரண்டாவது தடை இதனினும் கடியது. உடன் பணியாற்றும் மௌலவி நண்பர் ஒருவர் அன்போடு கேட்டார்: “இதுவரை இறைவனைச் சார்ந்து துடித்த இதயம், இனிமேல் மின்கலத்தைச் சார்ந்து துடிக்கும். அது உங்கள் மனத்தை உறுத்தாதா?”

உறுத்திற்று. ஆனால் அக்கேள்வியின் உள்ளே ஒரு மறைந்த நினைப்பு இருப்பதையும் கண்டேன். மேலறைக் கணுவை நான் படைத்தேனா? அதற்கு ஆணையிடுகிறேனா? உறங்கும்போது அதைக் காவல் காக்கிறேனா? அதுவும் ஒரு காரணமே, ஒரு கருவியே. பழகிப்போனதால் அது கருவி என்பதை மறந்திருந்தேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தவக்குல் பற்றிய பகுதியில் காரணங்களைத் தரம் பிரிக்கிறார்கள். பசித்தவன் முன்னால் உணவு இருக்க, கை நீட்டுவது முயற்சியாகிவிடும் என்று அஞ்சிக் கை நீட்டாதிருந்தால், அது தவக்குல் அன்று, அறிவின்மை என்பது அவர்களின் கருத்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வை என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. நாம் அதைச் சொல்வதற்கு வைத்திருக்கிறோம். கயிறு கையில் வரும்போது தயங்குகிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இரண்டு சார்புகளும் ஒன்றே என்று நான் சாதிக்க மாட்டேன். ஒரு வேறுபாடு உண்டு. பிறவிக் கணுவுக்கு விலை இல்லை, காலாவதித் தேதி இல்லை. இந்தக் கருவிக்கு விலை உண்டு. மின்கலம் தீர்வதற்குப் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள். பிறகு மாற்ற வேண்டும். இதைச் செய்த தொழிலாளியை, கம்பியைப் பொருத்திய டாக்டரை, ஆறு மாதத்திற்கொருமுறை சோதிக்கும் அந்த இளம்பெண்ணை நான் சார்ந்திருக்கிறேன். சோதனையின்போது அவர் கருவியின் வேகத்தைச் சில நொடிகள் குறைத்துப் பார்ப்பார். திரையில் என் சொந்தத் துடிப்பு நிமிடத்திற்கு முப்பதளவில் தயங்கித் தயங்கி நடக்கும். தலை சுழலத் தொடங்கும். “போதும் ஐயா, சரியாக இருக்கிறது” என்று அவர் மீண்டும் உயர்த்துவார். என் மகளைவிட இளையவர் அவர், வேற்று மதத்தவர். அவர் விரல்நுனியில் என் மூச்சு நிற்கிறது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கு நன்றி செலுத்தியவன் ஆகான் என்னும் நபிமொழியின் கனத்தை நான் உணர்ந்தது அந்த அறையில்தான். புதிய சார்பு இறைவனிடமிருந்து என்னை விலக்கவில்லை. அவன் அடியார்களோடு பிணைத்திருக்கிறது. அதுவரை நான் யாருக்கும் கடன்பட்டவன் அல்லன் என்றொரு செருக்கு உள்ளே இருந்தது. அது போயிற்று.

மூன்றாவது கேள்வி அந்த இரண்டு வாரத்தில் எழவில்லை. சிகிச்சை முடிந்து, மூச்சு திரும்பி, மீண்டும் நின்றுகொண்டு பாடம் நடத்தத் தொடங்கிய பின்னர் எழுந்தது.

அரபியில் இதயத்திற்குக் கல்பு என்று பெயர். புரளுதல், மாறுதல் என்பது அவ்வேரின் பொருள். தமிழிலும் துடிப்பு என்னும் சொல் பல பொருள் தாங்கி நிற்கிறது. நாடி அடிப்பதும் துடிப்பு, துயரில் புழுங்குவதும் துடிப்பு, இளமையின் ஊக்கமும் துடிப்பு. இரு மொழிகளும் உணர்ச்சியை இதயத்தின் அசைவோடு சேர்த்தே பேசுகின்றன. இப்போது என் இதயம் எப்படி அசைகிறது? எனக்குப் பொருத்தியிருக்கும் கருவி உடலின் அசைவை உணரக்கூடியது. நான் படியேறினால் துடிப்பைக் கூட்டும், உட்கார்ந்தால் குறைக்கும். ஆனால் துக்கச் செய்தி வந்தால் அதற்குத் தெரியாது. மகிழ்ச்சியும் தெரியாது. அசையாமல் அமர்ந்திருப்பவனின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியும் வழி அதற்கு இல்லை.

சென்ற ஆண்டு என் உம்மா மறைந்தார்கள். ஃபஜ்ருக்குச் சற்று முன், நான் அவர்களுடைய கட்டிலருகே அமர்ந்திருந்தேன். கலிமாவைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களின் உதடு இருமுறை அசைந்து நின்றது. நின்றதை அறிந்த கணத்தில், நோயாளியாக இருந்து பழகிப்போன என் விரல் தானாகவே என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. எழுபது. முன்பிருந்தது எதுவோ அதுவே. என்னைப் பெற்றவள் போய்விட்டாள், என் இதயம் ஒரு துடிப்பும் கூட்டவில்லை.

அந்நேரம் என்னை அச்சம் பிடித்துக்கொண்டது. நான் கல்லாகிவிட்டேனா என்று நினைத்தேன். அப்போது கண்ணீர் தாடியை நனைத்திருப்பதை என் தங்கை துடைத்தபோதுதான் அறிந்தேன். தொண்டை அடைத்திருந்தது. கை நடுங்கிற்று. துயரம் முழுவதும் வந்து சேர்ந்திருந்தது; நாடியைக் கேட்டு வரவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கல்பு என்னும் சொல்லுக்கு இரு பொருள் கூறுகிறார்கள். நெஞ்சின் இடப்பக்கத்தில் உள்ள சதைப்பிண்டம் ஒன்று. அது விலங்குக்கும் உண்டு, இறந்தவனிடத்தும் உண்டு. மனிதனின் அறிகின்ற, உணர்கின்ற, பொறுப்பேற்கின்ற நுண்மை மற்றொன்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, இரண்டும் ஒன்றல்ல. இருபது ஆண்டுகள் இதைப் பாடமாக நடத்தினேன். அன்று அந்தக் கட்டிலருகே அது எனக்குப் பாடம் நடத்திற்று. டாக்டர் சுட்டது முதலாவதில் ஒரு பயற்றளவு. இரண்டாவதைச் சுடக்கூடியவன் நான் ஒருவனே. பொய்யால், பொறாமையால், அவசரத்தில் சொல்லும் அழகான நான்கு சொற்களால்.

இனி உம்மா கேட்ட கேள்வி ஒன்று உண்டு. சிகிச்சைக்குப் போகும் முன் அவர்கள் என் நெஞ்சில் கை வைத்துக் கேட்டார்கள்: “வாப்பா, ரூஹு போற நேரத்துல இந்தப் பொட்டி விடாம இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்குமோ? மவுத்து லேசா வரணுமேப்பா.” பலரும் உள்ளே வைத்துக்கொண்டு கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது. டாக்டரிடம் கேட்டேன். கருவி ஆணை மட்டுமே கொடுக்கிறது, துடிப்பது சதை. முடிவு நேரத்தில் உயிர்வளி குறைந்து, இரத்தம் புளித்து, சதை அந்த ஆணையை ஏற்கும் ஆற்றலை இழந்துவிடும். கருவி பேசிக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் இராது. தவணை வந்துவிட்டால் ஒரு நொடியும் முந்தாது, பிந்தாது என்பதை இயந்திரம் மாற்றிவிடவில்லை.

உடலினுள் பேஸ்மேக்கர் புதைக்கப்பெற்ற முதல் மனிதர் ஸ்வீடன் நாட்டு ஆர்னே லார்ஸன். 1958 அக்டோபர் 8ஆம் நாள், ஸ்டாக்ஹோம் நகரில் அது நடந்தது. அவர் மனைவி விடாமல் வற்புறுத்தியதன் பேரிலேயே பொறியாளர் எல்ம்குவிஸ்டும் அறுவை மருத்துவர் ஸென்னிங்கும் அத்துணிவைக் கொண்டனர். முதற் கருவி சில மணி நேரமே உழைத்தது. லார்ஸனோ அதன் பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி நாற்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். கருவியைச் செய்தவர் 1996இல் இறந்தார். பொருத்தியவர் 2000இல் இறந்தார். நோயாளி அவ்விருவருக்கும் பின்னர், 2001 டிசம்பரில், எண்பத்தாறாம் வயதில் இறந்தார். அதுவும் இதய நோயாலன்று, புற்றுநோயால். யார் முந்துவார், எந்த வாயிலின் வழியே செல்வார் என்பது எந்தப் பெட்டியிலும் எழுதப்படவில்லை.

இரண்டு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

என் வசிய்யத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உடலை எரிக்கும் மரபினர், மின்கலம் வெடிக்கும் என்பதற்காகக் கருவியை எடுத்துவிடுவர். அடக்கம் செய்யும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை; நம் மையித்துகளோடு அது மண்ணுக்குள் போய்விடுகிறது. ஆனால் இறந்தோரிடமிருந்து எடுத்துத் தூய்மை செய்த கருவிகளை ஏழை நாட்டு நோயாளிகளுக்குப் பொருத்தும் முயற்சி உலகில் நடந்து வருகிறது. கனடாவின் மாண்ட்ரியல் இதய மருத்துவ நிலையத்தார் அவ்விதம் பயன்பெற்ற 1,051 பேரின் நிலையை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். தொற்று ஏற்பட்டது நூற்றுக்கு இருவருக்கே. புதிய கருவி பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நம் நாட்டுச் சட்டமும் மருத்துவரும் இடம் தருவார்களானால், மையித்தின் கண்ணியத்திற்குக் குறைவின்றி எடுத்துக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். இதில் ஆலிம்களிடையே மாற்றுக் கருத்து இருக்கலாம். இருக்கட்டும், கூடிப் பேசுவோம். பேசாமல் புதைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மற்றொன்று, சிகிச்சைக்கு ஒப்புக்கொண்ட அன்று மாலை நான் அந்தத் தையற்காரரின் வீட்டிற்குச் சென்றேன். அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். மடங்கிய வலக்கை மடியில் கிடந்தது. நான் என் நோயைச் சொன்னேன், எடுத்த முடிவைச் சொன்னேன். பிறகு, அன்றைக்கு அவருக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “நீங்க ஒன்னும் வேணாம்னு சொல்லலியே ஹஜ்ரத்” என்றார். அந்தச் சொல் என்னை விடுவிக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். இடக்கையால் என் கையைப் பிடித்து, “இப்ப மாத்திரையை விடாம சாப்பிடுறேன். நீங்களும் போயி செஞ்சுக்கிட்டு வாங்க” என்றார்.

ஒவ்வொரு வியாழன் மாலையும் அவரைப் போய்ப் பார்க்கிறேன். மாத்திரை தீர்ந்திருந்தால் வாங்கிக் கொடுக்கிறேன். படகில் ஏறியிருக்கும் வரை நீரை இறைத்துக்கொண்டிருப்பதே நம் வேலை. கரை சேர்ப்பவன் வேறு.